செவி காட்டும் திசை

கண்ணின் ஆட்சிக்கு எல்லை உண்டு. முன்னே உள்ளதை அது காணும். பின்னே உள்ளதைக் காணாது. ஒளி உள்ளவரையில் காணும். இருள் சூழ்ந்தால் தளர்ந்துவிடும். இடையில் ஒரு சுவர் எழுந்தால், சுவருக்கு அப்பால் நிகழ்வதை அறியாது. செவியின் ஆட்சியோ நாற்புறமும் பரந்தது. முன்னும் பின்னும், வலமும் இடமும், மேலும் கீழும் அதன் காவலுக்கு உட்பட்டவை. உறக்கத்தில் கண் இமை மூடிக்கொள்கிறது; செவிக்கு இமை இல்லை. நள்ளிரவில் தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் தாயை எழுப்புவது செவியே அன்றோ?

ஆயினும், கண் பெற்ற பெருமையைச் செவி பெறவில்லை. தட்டையான சுவரில் மலையையும் ஆற்றையும் தீட்டி, அருகில் உள்ளது அருகிலும் தொலைவில் உள்ளது தொலைவிலும் தோன்றும்படி செய்த ஓவியனை உலகம் கொண்டாடுகிறது. ஒலிக்கும் அவ்வாறே நீளமும் அகலமும் உயரமும் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஓர் ஓசை எத்திசையில் பிறந்தது, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது, மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பனவெல்லாம் கேட்போர்க்குப் புலப்படுமாறு அமைந்த ஒலியை முப்பரிமாண ஒலி என்று இக்காலத்தார் கூறுவர். அவ்வொலியை ஓர் அவையின் முன்னே எவ்வாறு எடுத்துக்காட்டுவது? ஓவியத்தைச் சுவரில் மாட்டிக் காட்டலாம். நூலை விரித்துக் காட்டலாம். ஒலியை விரலால் சுட்டிக் காட்ட இயலுமோ? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் மலைநாட்டுக்குச் செல்லுதல் நன்று.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக நிமிர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட மலை அது. சங்கப் புலவர் பலர் அதனைப் பாடியுள்ளனர். காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்நிலத்தில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலையில் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. அங்குள்ள சிற்றூர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாடு என்று வழங்குதல் பழைய மரபு. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று விரியும் அவ்வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று.

இத்தகைய மலைநாட்டில் செவிக்கு வேலை மிகுதி. சமவெளியில் வாழ்வோன் நெடுந்தொலைவு கண்ணால் கண்டு நடக்கலாம். மலைவாழ்நனுக்கு முன்னே ஒரு மேடு. பின்னே ஒரு பள்ளம். பக்கத்தில் ஒரு தோப்பு. விடியற்காலையில் வெண்பனி இறங்கிவிட்டாலோ பத்து அடிக்கு அப்பால் உள்ள மரமும் மறைந்துவிடும். அவ்வேளையில் மேய்ச்சலுக்குச் சென்ற மாடு எங்கே நிற்கிறது என்பதைக் கழுத்துமணி சொல்லும். ஓடை எப்பக்கம் என்பதை நீரின் சலசலப்புச் சொல்லும். மலைப்பாதையின் வளைவுக்கு அப்பால் பேருந்து வருகிறது என்பதை அதன் ஊதொலி சொல்லும். வளைவில் நடந்து செல்லும் சிறுவன் அவ்வொலி மேற்பாதையிலிருந்து வருகிறதா, கீழ்ப்பாதையிலிருந்து வருகிறதா என்பதை நொடிப்பொழுதில் அறிந்து ஒதுங்குகிறான். அங்கே செவி தவறினால் உயிர் தவறும். முப்பரிமாண ஒலி என்பது நகரத்து அரங்குகளில் மட்டும் கிடைக்கும் பொழுதுபோக்கு அன்று. மலைநாட்டில் அது வாழ்க்கைத் துணை.

இவ்வுண்மையைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் என்னும் நூலின் பெயரே இதற்குச் சான்று. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய அந்நூல் 583 அடிகளை உடையது. மலையை ஒரு யானையாக உருவகித்து, அம்மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அதன் மதத்திற்கு ஒப்பாக்கி அமைந்த பெயர் அது. நன்னன் என்னும் தலைவனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் புலவர், கண்ணால் காண்பவற்றைக் கூறியதோடு அமையவில்லை. செவியால் கேட்பவற்றையும் வரிசைப்படுத்துகிறார். அருவியில் ஆடுவோர் ஆரவாரம் ஒரு பக்கம். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிர் கூவும் ஓசை ஒரு பக்கம். தினை குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டு ஒரு பக்கம். மலையுச்சியில் சிறுபறை ஒலிக்க ஆடும் குரவையின் ஓசை ஒரு பக்கம். இவையெல்லாம் கலந்து ஒரே முழக்கமாகக் கேட்பினும், இன்னது இன்ன இடத்தில் எழுகிறது என்பது வழிச்செல்வோர்க்குப் புலனாகும். முப்பரிமாண ஒலியைச் சொல்லால் தீட்டிய ஓவியம் என்று அப்பகுதியைக் கூறுதல் பொருந்தும்.

செவி இவ்வாறு திசை அறிவது எவ்வாறு? விடை எளிது: செவிகள் இரண்டு. வலப்புறத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு சிறிது பிந்தி இடச்செவியை அடைகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இரு செவிகளுக்கும் இடையே உள்ள தொலைவோ ஒரு சாண் அளவினது. ஆகவே, ஒலி நேரே பக்கத்திலிருந்து வந்தாலும், அது இரு செவிகளையும் அடையும் நேரங்களின் வேறுபாடு ஒரு நொடியில் ஏறக்குறைய 1,500இல் ஒரு பங்கே ஆகும். அத்துணைச் சிறு வேறுபாட்டையும் மூளை கணக்கிடுகிறது. அதனினும் சிறியதாய், நொடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வேறுபாட்டையும் கூரிய செவியுடையோர் உணர்வர். இஃது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. தலை ஒரு தடுப்பாக நிற்பதால், கீச்சென்று ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள் அப்புறத்துச் செவியை அடையும்பொழுது வலிமை குன்றிவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வேறுபாடும், உயர்ந்த ஒலிகளுக்கு வலிமை வேறுபாடும் திசைகாட்டிகளாகின்றன. இக்கருத்தை 1907ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியவர், இயற்பியலுக்கான நோபல் பரிசை 1904இல் பெற்ற ஆங்கில அறிஞர் ரேலே பிரபு ஆவார்.

அவர் இவ்வாராய்ச்சியைத் தொடங்கிய முறை மிக எளிமையானது. புல்வெளி ஒன்றில் கண்களை மூடிக்கொண்டு நின்றார். உதவியாளர் சிலரைத் தம்மைச் சுற்றி நிற்கச் செய்தார். அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குரல் கொடுக்க, குரல் வந்த திசையைச் சுட்டினார். மனிதக் குரலின் திசையை எளிதில் சொல்ல முடிந்தது. ஆனால், இசைக்கவையின் தூய ஒலி முன்னிருந்து வந்ததா, பின்னிருந்து வந்ததா என்று கேட்டபொழுது அவருடைய செவியே ஏமாந்தது. 1876இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். பெருஞ்செல்வரும் பேரறிஞருமாகிய ஒருவர், திறந்த வெளியில் நண்பர் குரலைக் கேட்டுக் கண்ட உண்மை இது. கொல்லிமலைச் சிறுவர் கண்ணாமூச்சி ஆடும்பொழுது செய்வதும் இதுவே அன்றோ? கண் கட்டிய சிறுவன், தோழர் கைதட்டும் திசையை நோக்கிப் பாய்கிறான். ஆட்டம் என்று பெரியோர் புறக்கணிப்பது, அறிஞன் கையில் ஆராய்ச்சியாகிறது.

தனி ஒருவர் அறிதல் ஒன்று; பலர் கூடிய அவைக்கு அறிவித்தல் மற்றொன்று. இத்துறையில் முன்னோர் சிலர் செய்து காட்டியவை அறியத்தக்கன. 1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மின்னியற் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமான் அதேர் என்பவர், அந்நகரத்து இசை நாடக அரங்கின் மேடைமுன் பல ஒலிவாங்கிகளை வலமும் இடமுமாக வைத்து, அவற்றின் ஒலியைக் கம்பிவழியே கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். மக்கள் இரண்டு கேட்பொறிகளை எடுத்து, செவிக்கு ஒன்றாகப் பொருத்திக்கொண்டு கேட்டனர். பாடகர் மேடையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தால், கண்ணால் காணாமலே அதனை உணர்ந்தனர். ஒரு பொறியால் கேட்டவர்க்குப் பாட்டு மட்டும் கேட்டது; இரு பொறிகளால் கேட்டவர்க்கு மேடையே விரிந்தது.

இதனினும் வியப்புக்குரியது 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்தது. பிலடெல்பியா நகரத்து அரங்கில் எழுந்த ஒலியை மூன்று ஒலிவாங்கிகள் ஏற்று, மூன்று தனித்தனிக் கம்பிவழிகளால் வாஷிங்டன் நகருக்கு அனுப்பின. அங்கே ஓர் அரங்கில் திரைக்குப் பின்னால் இருந்த மூன்று ஒலிபெருக்கிகள் அதனை ஒலித்தன. பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் செய்த ஏற்பாடு அது. தொலைவில் ஒரு தச்சர் சுத்தியலும் வாளும் கொண்டு பெட்டி செய்தார். அவரோடு மற்றொருவர் மேடையின் மறுபக்கத்தில் நின்று பேசினார். கேட்டோர்க்கு இருவரும் தம் கண்முன் உள்ள மேடையில் நிற்பதாகவே தோன்றியது. பின்னர் எக்காளம் ஊதுவோர் இருவர் மாறி மாறி ஒரே இசையை ஊதினர். மேடையின் வலத்தில் ஒருவரும் இடத்தில் ஒருவரும் நிற்பதாக அவையோர் எண்ணியிருந்தனர். மேடையில் விளக்கு ஏற்றப்பட்டது. அங்கே நின்றவர் ஒருவரே! மற்றவர் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் பிலடெல்பியாவில் நின்று ஊதிக்கொண்டிருந்தார்.

அவ்வறிஞர்கள் அவையை வென்றது கருவியின் ஆற்றலால் மட்டும் அன்று. காட்டிய முறையாலும் ஆகும். ஒலியின் இயல்பு குறித்து நெடுநேரம் விரிவுரை ஆற்றியிருந்தால் கேட்டோர் உறங்கியிருப்பர். அவர்கள் முதலில் கண்ணை மறைத்தார்கள். செவியைத் தீர்ப்புக் கூறச் செய்தார்கள். பின்னர் விளக்கை ஏற்றித் தீர்ப்பைச் சரிபார்க்கச் செய்தார்கள். இம்மூன்று படிகளே முப்பரிமாண ஒலியை அவைக்குக் காட்டும் கலையின் அடிப்படை. இவற்றை நடத்தப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மலையூர்ப் பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலிலேயே இதனைச் செய்து காட்டலாம்.

மாணவர் அனைவரையும் திடலில் ஒரே திசை நோக்கி அமரச் செய்க. அனைவரும் கண்களை மூடிக்கொள்ளட்டும். பாதிப் பேர் வலச்செவியையும், மற்றப் பாதிப் பேர் இடச்செவியையும் கையால் நன்கு பொத்திக்கொள்ளட்டும். அவர்களுக்கு நேர்முன்னே, எவ்விடம் என்று அவர்கள் அறியாதவாறு ஒருவர் சென்று நின்று பள்ளி மணியை ஒலிக்கட்டும். ஒலி வந்ததாகத் தோன்றும் திசையை ஒவ்வொருவரும் மற்றொரு கையால் சுட்டவேண்டும். சுட்டிய கையை இறக்காமலே கண்ணைத் திறக்கவேண்டும். அப்பொழுது காணும் காட்சி என்ன? வலச்செவியை மூடியோர் கைகள் பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இடச்செவியை மூடியோர் கைகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே மணி இரண்டு இடங்களில் ஒலித்ததுபோல் ஆகிவிட்டது! திடல் முழுதும் சிரிப்பொலி எழும்.

அடுத்து, இரு செவிகளையும் திறந்துகொண்டு மீண்டும் கண்களை மூடச் செய்க. மணி வேறோர் இடத்தில் ஒலிக்கட்டும். இப்பொழுது நூறு கைகள் எழுந்து, நூறும் ஒரே இடத்தைச் சுட்டும். மணி நகர நகர, காற்றில் சாயும் கதிர்கள்போல் அக்கைகள் எல்லாம் ஒருசேர நகரும். விரலால் சுட்டிக் காட்ட இயலாது என்று கருதப்பட்ட ஒலி, நூறு விரல்களால் சுட்டப்பட்டுக் கண்ணுக்கே புலனாகிவிடுகிறது.

இரண்டாவது காட்சிக்கு ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரப்பர்க் குழாய் ஒன்று போதும். அதன் இரு முனைகளையும் ஒரு மாணவன் தன் செவித்துளைகளின் வாயில் மெல்லப் பிடித்துக்கொள்ளவேண்டும், உள்ளே நுழைத்தலாகாது. குழாயின் நடுப்பகுதி முதுகுக்குப் பின்னால் தொங்கட்டும். சரியான நடுவிடத்தில் ஓர் அடையாளம் இட்டு, அதனைப் பென்சிலால் தட்டினால், ஒலி நேர் நடுவில் கேட்பதாக அவன் கூறுவான். அடையாளத்திலிருந்து 1 சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளித் தட்டினால், உடனே வலப்புறம் என்பான். ஒரு வழி 1 சென்டிமீட்டர் குறுகியது. மற்றொரு வழி அதே அளவு நீண்டது. வேறுபாடு 2 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 34,000 சென்டிமீட்டர் செல்வது. ஆகவே, அம்மாணவன் கண்டுபிடித்த கால வேறுபாடு நொடியில் 17,000இல் ஒரு பங்கு! ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் பிடிப்பவர் நொடியை நூறு கூறாக்கி அளந்தால் வியக்கிறார்கள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அதனினும் நுட்பமான கடிகாரம் ஒன்று ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதாக, முன்னும் பின்னும் மேலும் அறிதலைக் காட்டலாம். கண் மூடிய ஒருவனை முக்காலியில் அமர்த்தி, தலையை அசைக்காதிருக்கச் செய்து, இரு கொட்டாங்கச்சிகளை அவனுக்கு நேர்முன்னும், நேர்பின்னும், உச்சிக்கு மேலுமாக மாற்றி மாற்றித் தட்டுக. இவ்விடங்கள் எல்லாம் இரு செவிகளுக்கும் ஒத்த தொலைவில் உள்ளவை. ஆதலால், நேரக் கணக்கு இங்கே உதவாது. செவிமடலின் மேடு பள்ளங்களில் பட்டு ஒலி அடையும் சிறு மாற்றங்களைக் கொண்டே மூளை இடத்தை அறியவேண்டும். அதனால் பலர் இதில் தவறுவர். பின்னர்த் தலையைத் திருப்பிக் கேட்கலாம் என்று அவனுக்கு விடை கொடுத்தால், தவறு குறைந்துவிடும். ஐயம் எழுந்தபொழுது மான் தலையைத் திருப்புவதும், நாய் செவியை நிமிர்த்துவதும் எதற்கு என்பது அப்பொழுது விளங்கும்.

நிறைவாக, இவற்றையெல்லாம் ஒன்றாக்கி மாலைப்பொழுதில் ஓர் ஒலி நாடகம் நடத்தலாம். மற்ற நாடகங்களில் நடிப்போர் நடுவில் நிற்பர். காண்போர் சுற்றி அமர்வர். இங்கே அது மாறவேண்டும். கேட்போர் நடுவில் கண் மூடி அமரட்டும். ஒலிப்போர் நாற்புறமும் நிற்கட்டும். நாடகத்தின் பொருள் மலைநாட்டில் ஒரு நாள். கிழக்கே ஒருவன் சேவல்போல் கூவுவான். ஒரு மூலையில் உலக்கை விழும் ஓசை எழும். கழுத்துமணி ஏந்திய ஒருவன் கூட்டத்தை மெல்லச் சுற்றி வருவான். மாடுகள் மேய்ச்சலுக்குச் செல்கின்றன. திண்ணை மேலோ, உறுதியான மேடை மேலோ நின்று ஒரு சிறுமி புனங்காப்பவள்போல் பறவை ஓட்டுவாள். அங்கே ஒலியின் உயரம் புலப்படும். திடலின் கோடியிலிருந்து ஒருவன் உரக்கக் கூப்பிடுவான். அருகில் நிற்கும் ஒருவன் மெல்ல மறுமொழி கூறுவான். உரத்த குரல் தொலைவிலும், மெல்லிய குரல் அண்மையிலும் இருப்பதை யாரும் சொல்லாமலே செவி அறிந்துகொள்ளும்.

பிறகு மழை வரும். மேற்கே நிற்போர் உள்ளங்கைகளை உராய்வர், காற்று எழும். அவர்களே விரல்களைச் சொடுக்குவர்; முதல் துளிகள் விழும். தொடைகளைத் தட்டுவர், மழை வலுக்கும். மேற்கில் தொடங்கிய அவ்வோசையை வடக்கே நிற்போரும் தெற்கே நிற்போரும் ஏற்று, கிழக்கே நிற்போரிடம் சேர்ப்பர். நடுவில் இருப்போர்க்கு ஒரு மழை மேகம் தலைக்குமேல் கடந்து சென்றது போலவே இருக்கும். ஒரு துளியும் விழாத மழையில் சிலர் தலையைத் தடவிப் பார்ப்பர்! இரவு நெருங்கும், சிறுபறை முழங்கும், குரவைப் பாட்டு ஒலிக்கும், எல்லாம் அடங்கும். அப்பொழுது விளக்கை ஏற்றுக. மலைநாடு மறைந்துவிடும், கைகளும் கொட்டாங்கச்சிகளும் ஒரு மணியும் மட்டுமே எஞ்சி நிற்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர் சொல்லால் செய்ததை மாணவர் கையால் செய்தவராவர்.

இக்காட்சிகளுள், ஒரு செவியை மூடும் காட்சியை முதலில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது கருவியைப் பற்றியது அன்று, கருணையைப் பற்றியது.

பள்ளியில் ஒரு செவி மங்கிய மாணவன் ஒருவன் இருக்கலாம். இளமையில் காதில் சீழ் வடிந்து, உரிய மருத்துவம் பெறாமையால் அக்குறை நேர்ந்திருக்கலாம். ஒரு செவி நன்கு கேட்பதால் அவன் குறை யாருக்கும் தெரிவதில்லை. சில வேளைகளில் அவனுக்கே தெரிவதில்லை. பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் அவன் வேறு திசையில் திரும்புகிறான், தோழர் நகைக்கின்றனர். பலர் ஒருங்கே பேசும்பொழுது ஒருவர் பேச்சைப் பிரித்துக் கேட்க அவனால் இயலவில்லை. பாடத்தில் கருத்தில்லாதவன் என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். மலைப்பாதையில் ஊதொலி கேட்டு அவன் தவறான பக்கம் ஒதுங்கினாலோ, நேரும் துன்பம் நகைப்போடு முடிவதன்று.

இரு செவிகளையும் திறந்து நிகழ்த்தும் காட்சியை முதலில் நடத்தினால், நூறு கைகள் ஒரு பக்கம் சுட்ட, அவன் கை மட்டும் வேறு பக்கம் சுட்டும். அவை நகைக்கும், அவன் நாணுவான். ஒரு செவியை மூடும் காட்சியை முதலில் நடத்தினாலோ, தவறு எல்லோர்க்கும் பொதுவாகிறது. எல்லோரும் தவறி, எல்லோரும் நகைத்த பின்னர், அடுத்த காட்சியில் ஒரு கை மட்டும் விலகி நின்றால், நகைப்பு எழுவதில்லை, எண்ணம் எழுகிறது. சற்றுமுன் தமக்கு நேர்ந்த தடுமாற்றம் இத்தோழனுக்கு எந்நாளும் உள்ளதோ என்று உடன் பயில்வோர் எண்ணுவர். ஆசிரியரும் அதனைக் குறித்துக்கொண்டு, அவையறியக் கூறாமல், அவன் பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்வார். நல்ல செவி தம் பக்கம் இருக்குமாறு வகுப்பில் அவனுக்கு இடம் அமைப்பார். பாதையில் தோழன் ஒருவன் அவனுடைய மங்கிய செவியின் பக்கமாக நடப்பான். ஓர் அறிவியற் காட்சி இதனினும் பெரிய பயன் தருமோ?

செவி திறம்பட இருந்தால் மட்டும் போதுமா என்னும் வினாவும் எழுகிறது. இராமகாதையில் வரும் தயரதன் கதையை அறியாதார் இல்லை. ஒலி வந்த திசையைக் கொண்டே குறி தவறாது அம்பு எய்யும் ஆற்றல் அம்மன்னனுக்கு இருந்தது. இருளில் நீர்த்துறையில் எழுந்த ஓசையைக் கேட்டான், யானை நீர் பருகுகிறது என்று எண்ணினான், அம்பை விடுத்தான். அம்பு குறி தவறவில்லை. ஆனால், அங்கே வீழ்ந்தது யானை அன்று. கண்ணிழந்த தாய் தந்தையர்க்காகக் கலத்தில் நீர் முகந்துகொண்டிருந்த மைந்தன். எங்கே என்னும் வினாவுக்கு மன்னன் செவி சரியான விடை தந்தது. எது என்னும் வினாவுக்குத் தவறான விடை தந்தது. முதல் விடை சரியாக இருந்தமையாலேயே அத்துன்பம் நேர்ந்தது. திசை அறிதல் செவியின் திறம். பொருள் அறிதல் பொறுமையின் பயன். இரண்டும் கூடிய இடத்தில்தான் அறிவு நிறைகிறது.

இந்நாளில் ஒலிக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. 1995இல் வெளிவந்த குருதிப்புனல் என்னும் தமிழ்த் திரைப்படம், கேட்போரைச் சூழ்ந்து ஒலிக்கும் டால்பி முறையைக் கையாண்டது. 2012இல் முப்பரிமாணப் படமாக வந்த சிவாஜி, தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகள் அமைந்த டால்பி அட்மாஸ் என்னும் புதுமுறையில் வெளிவந்தது. அரங்கில் அமர்ந்திருப்போர் தலைக்குமேல் பறவை பறப்பதைக் கேட்கின்றனர். இவையெல்லாம் மனிதன் செய்த வியப்புகள். இரண்டு சிறு செவிகளும் அவற்றைத் தாங்கும் ஒரு தலையும் இல்லையேல், இவ்வியப்புகள் எல்லாம் வெற்றோசையாகவே முடியும். ஆதலின், கருவியைப் போற்றுவோர் செவியைப் போற்றுதல் முதற்கடமை. குச்சியும் ஊக்கும் கொண்டு செவியைக் குடைதலும், கேட்பொறியைச் செவியில் வைத்துப் பேரொலியில் நெடுநேரம் கேட்டலும், சீழ் வடியும் காதில் எண்ணெய் வார்த்துவிட்டு வாளா இருத்தலும் தவிர்க்கத்தக்கன.

ஆலத்தூர் நாடு போன்ற மலைநாட்டுச் சிறுவர், நகரத்து அரங்குகள் தமக்கு எட்டாதவை என்று ஏங்க வேண்டுவதில்லை. அவர்கள் வாழும் மலையே அரங்கு, வெண்பனியே திரை, அருவியும் காற்றும் பறவையும் மாட்டின் மணியும் அவ்வரங்கின் இசைவாணர். கண்ணை ஒரு நாழிகை மூடிச் செவியைத் திறந்து வைப்போர்க்கு அவ்வரங்கில் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே கேட்கும் குரல்களுள் துன்புற்றோர் குரலும் ஒன்று. அது வரும் திசையை அறிந்து திரும்புவதே செவி பெற்றதன் பயன்.